ஆறின பிறகு கை வைப்பவள்

அவளுடைய பேரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் தேடி வந்து அதற்கொரு பதில் செய்துவிட்டுத்தான் போவாள். இந்த வயதில் எனக்கு அது தாங்காது.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற பாதையில், பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற மலையில் எங்கள் தோட்டம். வரிசை வீட்டு லயத்தில் கடைசித் தொங்கல் காம்பரா அவளுக்கு, அடுத்தது எனக்கு. அவள் கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய புருஷன் தோட்டத்துக் கராஜில் மெக்கானிக். நான் பிள்ளைக்காம்பராவில் ஆயா. தாய்மார் காலையில் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். பால் நேரத்துக்கு ஓடி வந்து கொடுத்துவிட்டு மறுபடியும் மலைக்கு ஓடுவார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. மாவுக்கும் அரிசிக்கும் சனம் வரிசையில் நின்ற காலம். தாய்ப்பாலை விட்டால் பிள்ளைகளுக்குக் கொடுக்க என்னிடம் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியும் சீனியும்தான் இருந்தன. சீனியும் பாதி நாள் இருக்காது.

கோபம் வந்தால் ஊரில் எல்லாரும் மரியாதையை விட்டுவிடுவார்கள். அவளுக்கு அப்போதுதான் மரியாதை வரும். சாதாரண நாளில் என்னை "ஏ புள்ள" என்பாள், "தங்கச்சி" என்பாள், குஷியாக இருந்தால் "அடியே" என்றும் சொல்வாள். "வாங்க ஆயாம்மா" என்று ஒரு நாள் சொன்னாள் என்றால் போச்சு. என்ன செய்தோம், எப்போது செய்தோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு தீபாவளிக்கு அவள் கட்டியிருந்த சேலையைப் பார்த்து, தேயிலைச் சாக்கு நிறத்தில் எங்கே கிடைத்தது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "பசறையில கெடச்சதுங்க" என்றாள், சிரித்துக்கொண்டே. அடுத்த தீபாவளிக்குள் லயத்துப் பிள்ளைகள் முழுக்க என்னைச் "சாக்கு ஆயா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை.

எதிர் லயத்துக்காரி ஒருத்தியின் கதை இன்னும் நல்ல கதை. இவள் மழைக்காலத்துக்கென்று காய வைத்திருந்த விறகை அந்த எதிர் லயத்துக்காரி எடுத்து எரித்துவிட்டாள். போய்க் கேட்டதற்கு, எந்த விறகு என்று வாயடித்தாள். லயமே வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்துவிட்டது. இவளோ, "அப்ப வேற யாராச்சும் எடுத்திருப்பாங்க, மன்னிச்சுக்குங்க" என்று திரும்பி வந்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னக்கா இப்பிடி விட்டுட்டு வர்றே?"

"சூட்டுல கை வச்சா நமக்குத்தான் சுடும் புள்ள. ஆறட்டும்."

ஆறியது. அந்தப் பெண்ணின் மகள் வயதுக்கு வந்து சடங்கு வைத்தபோது, சாம்பார் வைக்கப் பெரிய அண்டா தேவைப்பட்டது. அப்படியோர் அண்டா இவளிடம்தான் இருந்தது. "கொண்டுபோங்க, நல்லா வெளக்கி வச்சிருக்கேன்" என்று எடுத்துக் கொடுத்தாள். அதன் அடியில் ஊசி போகிற அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. எல்லாவற்றையும் மெழுகு வைத்து அடைத்து, மேலே கரி பூசிவிட்டிருந்தாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அடுப்பில் ஏற்றிப் பருப்பு கொதித்ததும் மெழுகு உருகியது, சாம்பார் ஒழுகியது, அடுப்பு அணைந்தது. பந்தியில் சனம் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவள் ஓடிப்போய்க் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "ஐயய்யோ, பழைய சாமானுங்க, எனக்குத் தெரியாமப் போச்சுங்களே" என்றாள். அவளைப் போல நடிக்க யாராலும் முடியாது. சிரிப்பை அடக்க முடியாமல் நான் வெளியே போய்விட்டேன்.

"ஆறட்டும்" என்ற அந்த வார்த்தையை அவள் கராஜிலிருந்துதான் எடுத்து வந்திருக்க வேண்டும்.

கராஜில் ஒரு லொறியும் ஒரு டிராக்டரும் உண்டு. அவற்றோடு உத்தியோகத்தர்களின் மோட்டார் சைக்கிள்களும் வந்து நிற்கும். எல்லாம் இங்கிலீஷ்காரன் செய்த பழைய வண்டிகள். அந்த மோட்டார் சைக்கிள் எஞ்சினின் தலையில் இரண்டு வால்வு. காற்று வர ஒன்று, புகை போக ஒன்று. கீழே சுழல்கிற காம், மேலே இருக்கிற வால்வைத் திறக்க வேண்டும். அதற்காக நடுவில் நீளமாக இரண்டு கம்பிகள் நிற்கும். புஷ்ராட் என்பார்கள். அந்தக் கம்பியின் நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவள் புருஷன் அளவு எதுவும் வைத்திருக்கவில்லை. எஞ்சின் பக்கத்தில் இருக்கிற சின்ன மூடியைக் கழற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலைக்கு எஞ்சினைக் கொண்டுவந்து, கம்பியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து உருட்டிப் பார்க்க வேண்டும். உருளணும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. ஆடினால் தளர்வு, எஞ்சின் டக்டக்கென்று தட்டும். உருளாமல் பிடித்தால் இறுக்கம், வால்வு முழுசாக மூடாது. கம்பியின் கீழே இருக்கிற திருகை ஒரு மயிரிழை திருப்பினால் நீளும், குறையும். எஞ்சின் நன்றாக ஆறின பிறகுதான் இதையெல்லாம் பார்க்க வேண்டும். சூட்டில் பார்த்தால் கம்பி பொய் சொல்லும் என்பார் அவர்.

அந்த மனுஷனுக்கு ஒரு குறை. கிரீஸிலும் சூட்டு இரும்பிலும் கிடந்து கிடந்து விரல் நுனி செருப்புத்தோல் மாதிரி தடித்துவிட்டது. கம்பி லேசாக உருள்கிறதா, பிடித்து உருள்கிறதா என்று அவருக்குப் புரியாமல் போனது. பகல் சாப்பாட்டுக்கு ரொட்டி கொண்டுபோகிற பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "இத உருட்டிப் பாரு" என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறார். முத்தலையும் கொழுந்தையும் கண்ணால் பார்க்காமலே விரலால் பிரிக்கிறவள் அவள். "இது சரி. இது புடிக்குது" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் கடைசியில் கம்பியை உருட்டுவது அவள்தான். வெளியே யாருக்கும் இது தெரியாது. பெண்டாட்டியிடம் கேட்டு எஞ்சின் பார்க்கிறான் என்று தெரிந்தால் அவர் மானம் போய்விடும் என்று அவருக்குப் பயம். அவருக்கு எதற்கும் பயம்தான்.

இனி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் கண்டக்டர் ஐயா என்றால் டிக்கட் கிழிக்கிறவன் இல்லை. மலை வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தன். வாட்டசாட்டமான ஆள். பிரில்கிரீம் வைத்து வாரிய தலை. அவனிடம் ஒரு மோட்டார் சைக்கிள். அதை அவன் ஓட்டுகிற விதமே தனி. மேட்டு உச்சி வரை சத்தத்தோடு வருவான். அங்கே எஞ்சினை நிறுத்திவிட்டு, சரிவில் வண்டியைச் சும்மா உருட்டிக்கொண்டு இறங்குவான். ஒரு சத்தமும் இருக்காது. வளைவைத் திரும்பினால் எதிரே நிற்பான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றவள், வெற்றிலை போட உட்கார்ந்தவள், பால் கட்டி நெஞ்சு வலிக்கிறதென்று நேரத்துக்கு முன்னால் பிள்ளையிடம் ஓடுகிறவள், எல்லாரும் அகப்படுவார்கள். அவன் திட்டமாட்டான், அடிக்கமாட்டான். "அரைப்பேரு" என்பான், அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு நாள் வேலை என்பது ஒரு பேர். முழுநாள் உழைத்தும் அரைநாள் என்று எழுதினால் அது அரைப்பேர்.

அன்றைக்கு அவளுடைய பிள்ளைக்கு விடியும்போதே உடம்பு சுட்டது. முப்பதாம் நாள் முப்பது கும்பிட்டுப் பேர் வைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பெண் பிள்ளை. வேலைக்குப் போகாவிட்டால் ரேஷன் வெட்டுவார்கள் என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். வெயில் ஏற ஏறப் பிள்ளை அழுதது. சாயத்தண்ணியைக் கரண்டியில் வைத்தால் துப்பியது. எனக்குப் பயம் வந்து, அந்தப் பக்கம் போன ஒருத்தியிடம் அவளை உடனே வரச் சொல்லி அனுப்பினேன். அவள் கூடையை இறக்காமல்கூட ஓடி வந்திருக்கிறாள். பாதி வழியில் வளைவில் அவன் நின்றான்.

"பால் நேரம் ஆகல. மலைக்குப் போ."

"புள்ளைக்குக் காச்சலுங்கய்யா. அரைப்பேரே போடுங்க. பாத்துட்டு வந்துர்றேன்."

"ஒனக்கு மட்டுமா? நீ போனா ஒங்க கேங்குக்கே இன்னைக்கி அரைப்பேருதான். போறியா?"

சேர்ந்து கொழுந்து பறிக்கிற அந்தக் கேங்கில் அவளோடு எத்தனை வீட்டு அடுப்பு இருந்தது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் திரும்பிப் போனாள். பால் நேரத்துக்குச் சரியாக வந்தாள். என் மடியிலிருந்து பிள்ளையை வாங்கி மார்பில் வைத்தாள். பிள்ளைக்கு வாய் வைத்து இழுக்கத் தெம்பில்லை. பால் கன்னத்தில் வழிந்தது. லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் செத்துப்போனது. பால் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று தோட்டத்து மருந்துக்காரர் சொன்னார். ஆகியிருக்கலாம். எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை அழுத அழுகை எனக்குத் தெரியும், அதனால் அவன் செத்தால் போதும் என்றுதான் நான் தினமும் நினைத்தேன். இதை எழுதும்போதும் அந்த நினைப்பில் எனக்கு வெட்கமில்லை.

சவம் எடுத்த நாளில் அவன் மரியாதைக்கு வந்து வாசலில் நின்றான். இன்றைக்கும் அவளுக்கு முழுப்பேர் போடச் சொல்லியிருக்கிறேன் என்று அவள் புருஷனிடம் மெதுவாகச் சொன்னான். அதைப் பெரிய உபகாரமாகத்தான் அவன் நினைத்திருக்க வேண்டும். அவள் எழுந்து வந்து கும்பிட்டாள். "ரொம்பப் பெரிய மனசுங்க ஒங்களுக்கு" என்றாள். துக்க வீட்டில் அதைக் கேட்டு நடுங்கியவள் நான் ஒருத்திதான்.

பிறகு அவள் பாட்டுக்கு மலைக்குப் போனாள், வந்தாள். மாரியம்மன் திருவிழாவுக்கு விரதம் இருந்தாள். அவளுக்கு வெட்கம் ரோசம் ஏதும் இல்லையா என்று எனக்கே ஒரு கட்டத்தில் வெறுத்துவிட்டது. பெருமழை முடிந்து அவனுடைய வண்டி சர்வீசுக்குக் கராஜுக்கு வந்தது. அவள் ரொட்டி கொண்டுபோனாள். புருஷன் மூடியைக் கழற்றினார், அவள் கம்பிகளை உருட்டினாள், "சரியா இருக்கு" என்றாள். அவர் கை கழுவப் போன நேரம் திருகுச் சாவியை எடுத்து, புகை வால்வுக் கம்பியை ஒரு மயிரிழை நீட்டி இறுக்கிவிட்டு, மூடியைப் போட்டுவிட்டாள். இதை அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

ஆறியிருக்கும்போது அந்த எஞ்சின் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். ஓடும். சூடேறினால் வால்வு நீண்டு, கம்பி அதைத் தாங்கிப் பிடித்து, முழுசாக மூட விடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படியோ சமாளித்துக்கொள்ளும். நிறுத்திவிட்டால்தான் வினை. எஞ்சினுக்குள் அடைபட வேண்டிய காற்று இடுக்கு வழியே கசிந்துவிடும். கிக்கரை உதைத்தால் தொப்பென்று கீழே போகும். மறுபடி ஆறும் வரை அசையாது.

முதல் தடவை அது நடந்த இடத்தில் நான் இல்லையே என்று எனக்கு இன்னும் வருத்தம். வழக்கம்போல மேட்டில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி வந்து, பிள்ளையிடம் ஓடிய இரண்டு பேரைப் பிடித்து, அரைப்பேர் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளம்பப் போயிருக்கிறான். உதைத்தான். உதைத்துக்கொண்டே இருந்தான். பிரில்கிரீம் உருகி நெற்றியில் வழிந்ததாம். மலை முழுக்கப் பெண்கள் தேயிலைச் செடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றிருக்கிறார்கள். அவள்தான் கூடையோடு முன்னால் வந்து, "ஐயா, நாங்க வேணும்னா தள்ளிவிடவாங்க?" என்று கேட்டாள்.  அவன் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தான். அவன் திருப்பி அனுப்பிய இரண்டு பேரும் அவன் கண் முன்னாலேயே குறுக்குப் பாதையில் இறங்கி வந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனார்கள். வண்டியை விட்டுவிட்டுத் துரத்த அவனுக்கு மனசில்லை.

இப்படி நாலைந்து தடவை பட்ட பிறகு அவனுக்குப் புத்தி வந்தது. மலையில் எஞ்சினை நிறுத்துவதையே விட்டுவிட்டான். நின்று பேசினாலும் அது படபடவென்று உறுமிக்கொண்டே இருக்கும். அடங்கிப்போகாமல் இருக்க முறுக்கிக்கொண்டே இருப்பான். அந்தச் சத்தம் இரண்டு மலைக்கு அப்பால் கேட்கும். கேட்டதும் உட்கார்ந்தவள் எழுந்துகொள்வாள், பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் குறுக்குப் பாதையில் மலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். அந்தக் காலம் முழுக்கப் பிள்ளைக்காம்பராவில் பால் நேரம் என்று ஒன்று இல்லை. பிள்ளை அழுதால் தாய் வந்தாள். அவள் மட்டும் அந்தப் பக்கம் வரமாட்டாள்.

பதுளையில் ஒரு முஸ்லிம் நானாவின் கராஜுக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டப்போவதாக ஒரு நாள் அவன் சொன்னான். அதற்கு முதல் நாள், ஐயா டவுனுக்குப் போகிறார், வண்டியைக் கழுவிக் கொடுக்கலாம் என்று புருஷனுக்கு யோசனை சொன்னவள் அவள்தான். கழுவ வந்த வண்டியின் கம்பியைப் பழையபடி சரியாக்கிவிட்டாள். பதுளை வரை ஏறி இறங்கிச் சூடாகிப் போய் நின்ற வண்டியை நானா ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணினாராம். நிறுத்தினார், மறுபடி உதைத்தார், மறுபடி ஸ்டார்ட். "எஞ்சின்ல ஒரு பிழையும் இல்ல மாத்தயா. ஒங்கட கால்லதான் பெலன் இல்ல போல" என்று கடைப் பையன்கள் முன்னால் சிரித்திருக்கிறார். அவன் திரும்பி வந்த வாரமே கம்பி மறுபடியும் நீண்டது.

எனக்கு அது போதவில்லை. வண்டி அவள் கையில் இருக்கிறது, பசறைப் பாதையில் எத்தனை வளைவு, எத்தனை பள்ளம். ஒரு நாள் அவளிடம் சொல்லியேவிட்டேன்.

"அந்தக் கம்பிய விடுக்கா. பிரேக்குக் கம்பியப் பாரு."

மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"விழுந்தா செத்துருவான்."

"சாகட்டும்."

"செத்தா அவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். "நான் அப்பப்ப கம்பியக் கொஞ்சம் எளக்கி விடுறேன், தெரியுமா? எப்பவும் இறுக்கமா இருந்தா வால்வு கருகிப் போயிரும். வண்டி செத்தா அவன் புதுசு வாங்கிருவான். வண்டியும் இருக்கணும், அவனும் இருக்கணும்."

ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டாள். நல்ல பசியோடு சாப்பிட்டாள். ஒரு மனுஷியிடம் எனக்கு அவ்வளவு பிரியமும் அவ்வளவு பயமும் ஒன்றாக வந்தது அன்றைக்குத்தான். நோயாளிக்கு மருந்து கொடுக்கிற மாதிரி அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டாள்.

தோட்டங்கள் அரசாங்கத்துக்குக் கைமாறின நேரத்தில் உத்தியோகத்தர்களை அங்கும் இங்குமாகத் தூக்கிப் போட்டார்கள். அவனைத் தெமோதரைப் பக்கம் ஒரு சின்ன டிவிசனுக்கு மாற்றினார்கள். சனியன் தொலைந்தது என்று லயத்தில் பொங்கல் வைக்காத குறை. நான் பதுளைக் கடையில் லட்டு வாங்கி வந்து வீட்டுக்கு வீடு கொடுத்தேன். அவள் கையில் ஒன்றை வைத்தபோது அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வண்டிய வித்துட்டானாமே" என்றாள்.

"ஆமாக்கா. அதைப் பாத்தாலே வெறுப்பா இருக்காம் அவனுக்கு. பாதி வெலைக்குத் தள்ளிட்டானாம்."

அவள் முகம் செத்துப்போனது. பிள்ளை செத்த அன்றைக்குக்கூட நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. லட்டைத் திருப்பி என் கையிலேயே வைத்தாள். "கொண்டுபோங்க ஆயாம்மா" என்றாள். நான் என்ன தப்புச் செய்தேன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்துத் தெமோதரைப் பக்கம் இருக்கிற மாமன் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று ரயில்கோச்சி ஏறினாள். வரவில்லை. அவள் புருஷன் இரண்டு மூன்று தடவை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் தனியாகத் திரும்பி வந்து என் காம்பரா வாசலில் உட்கார்ந்து பீடி குடித்தார். கடைசியில் கராஜ் வேலையை விட்டுவிட்டு, பாத்திரம் பண்டத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு அவரும் போய்விட்டார். அங்கே அவருக்கு எஞ்சின் வேலை இல்லை. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தார். அவளுடைய பழிக்கு அந்த மனுஷனும் விலை கொடுத்தார், அதை நான் மறைக்கமாட்டேன்.

சில வருஷம் கழித்து, சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக நான் தெமோதரைக்குப் போனேன். முதல் நாளே போய், அவனுடைய டிவிசனில் இருந்த அவள் லயத்தில் தங்கினேன். காது ஓரம் நரைத்திருந்தது. மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் "அடியே சாக்கு" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் காம்பராக்காரி வந்து அவளை வேறொரு பேரால் கூப்பிட்டாள்.

"ராசாத்தியக்கா, கொஞ்சம் உப்பு இருக்கா?"

உப்பை வாங்கிக்கொண்டு அவள் போகும் வரை எனக்கு மூச்சு வரவில்லை. முப்பது கும்பிட்ட அன்றைக்குப் பிள்ளையின் காதில் மூன்று தடவை சொன்ன பேர் அது. சொன்னதே நான்தான்.

"இங்க என் பேரு அதுதான்" என்றாள். "நாள்கூலிக்குக் கைக்காசு ஆளாச் சேந்தப்ப பேரு என்னன்னு கேட்டாங்க. கைக்காசு ஆளுக்கு யாரு பதிவுத் துண்டு பாக்குறா, சொன்னத எழுதிக்கிட்டாங்க. பெறகு அதே பேர்ல பதிஞ்சுட்டாங்க."

"அவனுக்குத் தெரியுமா?"

"என் மூஞ்சி தெரியும். மெக்கானிக்கு பொண்டாட்டின்னு தெரியும். நம்ம தோட்டத்துல கணக்கப்பிள்ளைதானே பேரு கூப்பிடுவாரு, என் பேரு இவனுக்கெங்க தெரியும்? புள்ள பேர இவன் கேட்டதே இல்ல. இங்க கணக்கப்பிள்ளை கெடையாது. காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல இவன்தான் பேரு கூப்பிடணும். கூப்பிட்டுட்டுத்தான் இருக்கான், இத்தன காலமா."

"தெரியாமக் கூப்பிட்டு என்னக்கா ஆகப்போகுது?"

"இன்னைக்கிச் சொல்லிட்டேன்."

சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது சொல்லியிருக்கிறாள். ஐயா, எங்க புள்ள பேர வாய் நெறையக் கூப்பிடுறீங்க, கேக்கச் சந்தோசமா இருக்குங்க என்றாளாம். எந்தப் புள்ள என்று கேட்டானாம். பால் நேரம் ஆகலன்னு என்னைத் திருப்பி அனுப்புனீங்களே, அந்தப் புள்ளைங்க, அதுக்கு அந்தப் பேரத்தான் வச்சிருந்தோம் என்றாளாம். தராசுக் கொக்கியில் தொங்கிய கூடையை அவன் இறக்காமலே நின்றுகொண்டிருந்தானாம்.

அவள் இதைச் சொல்லும்போது அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது.

"போதாதாக்கா? ஊரை விட்டு வந்து, அந்த மனுசனக் கஷ்டப்படுத்தி, இன்னும் எத்தன காலத்துக்கு?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தேத்தண்ணியை இறக்கி எனக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

"அவ இருந்திருந்தா இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருப்பா. காலையில வாத்தியார் பேரு கூப்பிட்டிருப்பாரு. யாராவது கூப்பிடணும்ல புள்ள" என்றாள்.

அவள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை நான் குடித்தேன். 

விடிந்ததும் கல்யாண வீட்டுக்குப் போகாமல் அவளோடு பெரட்டுக்களத்துக்குப் போனேன். பனி மூட்டம். கம்பளிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவன் நடந்து வந்தான். தலை பாதி கொட்டிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். பார்வையை உடனே எடுத்துக்கொண்டான். பேர் கூப்பிட ஆரம்பித்தான். கூப்பிட்டவர்கள் "ஐயா" என்று குரல் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராக மலைக்கு நகர்ந்தார்கள். அவளுக்கு முன்னால் நின்றவள் போனாள். அவன் நிறுத்தினான். அவளைப் பார்த்தான். பிறகு, அவளுக்குப் பின்னால் நின்றவளின் பேரைக் கூப்பிட்டான்.

"ஐயா, என் பேரு விட்டுப்போச்சுங்க" என்றாள் அவள்.

"போட்டாச்சு. மலைக்குப் போ."

"போட்டது இருக்கட்டுங்கய்யா. எல்லாரையும் கூப்பிடுறீங்க. என்னையும் கூப்பிடுங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் எதுவும் புரியவில்லை. பின்னால் நின்றவளும் நகரவில்லை, வரிசை அப்படியே நின்றது. அவன் தொண்டையைச் செருமினான். மலைப் பக்கம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி அந்தப் பேரைச் சொன்னான்.

"கேக்கலீங்கய்யா" என்றாள்.

அவன் நிமிர்ந்து, களம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ராசாத்தி" என்று கூப்பிட்டான்.